எரியும் பனிக்கட்டியைப் பார்க்க வந்த அண்ணன்

1

போன நவம்பரில் ஒரு காலை. ஆய்வுக்கூடத்தில் வாயு பிடித்த குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ‘சண்முகம் அண்ணன்’ என்று வந்தது. அந்தப் பெயர் என் திரையில் வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து எதிர்பாராமல் அழைப்பு வந்தால் வேறெதுவும் தோன்றாது.

எடுத்ததும் அண்ணன் நலம்கூட விசாரிக்கவில்லை.

“ஏளா செல்வி, உன் மக ஐஸ்ல தீ வெச்சு வெளையாடுதா. நீ பாத்தியா இல்லியா?”

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. என் மகள் யாழினி பள்ளித் தோழிகளோடு ஏரிக்குப் போய் எடுத்த வீடியோ அது. கண்ணாடி போல உறைந்த ஏரி. பனிக்கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகத் தட்டு அடுக்கியது போலக் குமிழிகள். யாழினி உளியால் ஒரு குத்து குத்துகிறாள். தோழி லைட்டரை நீட்டுகிறாள். ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்புகிறது. பிள்ளைகள் கத்திச் சிரிக்கிறார்கள். அதை அண்ணன் மகன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அப்பாவிடம் காட்டியிருக்கிறான்.

“அது மீத்தேன் வாயுண்ணே. ஏரிக்கு அடியிலேர்ந்து வரும். இங்க பிள்ளைங்க எல்லாரும் செய்றதுதான்.”

“எல்லாரும் செஞ்சா? மூஞ்சி வெந்து போனா என்ன செய்வ? பொம்பளப் புள்ள. நீ என்னத்த வளக்குத?”

ஊரில் இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்று வரவில்லை. இத்தனை வருடம் கழித்து அண்ணன் என்னைத் திட்டுகிறான் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. குப்பியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கனடாவின் வடகோடியில் ஒரு பெரிய ஆறு ஆர்க்டிக் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். இங்கே வீடுகள் தரையில் உட்காருவதில்லை, கால்களின் மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு மண்ணில் இறங்கினால் மண் உருகிவிடும், வீடு சாய்ந்துவிடும். கோடையில் மேல்மண் கொஞ்சம் இளகும். அதற்குக் கீழே பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்தே கிடக்கிற மண். அதற்குள் அந்தக் காலத்துப் புல்லும் பாசியும் மட்காமல் இருக்கின்றன. இப்போது வெயில் கூடக் கூட, அந்த மண் உருகி ஏரிகளுக்கு அடியில் அவை அழுகுகின்றன. மீத்தேன் குமிழிகளாக வெளியே வருகிறது. அது வானத்துக்குப் போனால் வெயில் இன்னும் கூடும்.

என் வேலை அந்தக் குமிழிகளைப் பிடிப்பது. குடை மாதிரி விரிந்த புனல்களைத் தண்ணீருக்குள் கவிழ்த்துவைத்து, சேரும் வாயுவைக் குப்பியில் அடைத்துக்கொண்டு வருவேன். தூத்துக்குடியில் வேதியியல் படித்தவள் இதைத்தான் செய்கிறேன் என்றால் என் வகுப்புத் தோழிகள் நம்புவதில்லை. என் கணவர் தெற்கே எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவர் தோண்டுவதும் நான் பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே வாயுதான் என்று சொல்லிச் சிரிப்பார்.

அண்ணனுக்கும் எனக்கும் நடந்தது இதுதான். அம்மா ஒரு மே மாதத்தில் போய்விட்டாள். மே மாதம் இங்கே ஆற்றின் மேல் உறைந்த பனி உடையும் காலம். அதன் மேல் போட்ட பனிச்சாலையை மூடிவிடுவார்கள், படகு இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. மிச்சம் இருப்பது விமானம் மட்டும். அதையும் பனிமூட்டம் நிறுத்திவிட்டது. ஓடுதளத்தைப் பார்த்தபடி பையோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் ஏறி, இன்னொரு ஊரில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது அண்ணனிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: ‘எடுத்தாச்சு.’

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஏன் காத்திருக்கவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் அளத்துக்குப் போய்விட்டான். முத்தையாபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம் இருக்கிறது. அண்ணன்தான் பார்க்கிறான். உறவுக்காரர்களின் அவசரத்துக்கு அவன் பணிந்துவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் வந்தன.

3

வீடியோவைப் பற்றித் திட்டியவன் மறு வாரமும் அழைத்தான். அதற்கு மறு வாரமும். “ஐஸு எப்படிளா எரியும்?” என்று ஆரம்பித்து, “அப்ப நம்ம சாண எரிவாயுதானா?” என்று வந்து, கடைசியில் “நான் வந்து பாக்கேன்” என்றான். எரிகிற ஐஸைப் பார்க்கவா, மருமகளைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விசா ஒரு கதை. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் அண்ணன் மகன், உள்ளதை உள்ளபடி, ‘எரியும் பனிக்கட்டியைப் பார்க்க’ என்று நிரப்பி அனுப்பிவிட்டான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மீண்டும் தாய்நாட்டுக்குத் திரும்புவார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம்.

அண்ணனுக்கு வந்த கோபத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

“அளத்த விட்டுட்டு நான் எங்கனளா போவேன்? அங்கன பனியில பாத்தி கட்டி உப்பு வெளைய வைக்கப் போறேன்னு நெனச்சானா?”

இரண்டாம் முறை நான் உட்கார்ந்து எழுதினேன். தங்கையின் குடும்பத்தைப் பார்க்க என்று. அந்த வரியை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. விசா வந்தது.

ஏப்ரல் கடைசியில் வந்தான். இறக்கை விசிறி வைத்த சின்ன விமானத்திலிருந்து, மூன்று ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக இறங்கினான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பையை வாங்கக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. “கனம்ளா” என்றான். அவ்வளவுதான் எங்கள் வரவேற்பு.

யாழினி தயாராக வந்திருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னாள்.

“வணக்கம் மாமா. உங்க பயணம் எப்படி ஓடிச்சு?”

“ஓடல தாயி, பறந்துதான் வந்தேன்” என்றான் அண்ணன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தான்.

பைக்குள் தூத்துக்குடி மக்ரூன் இருந்தது. இத்தனை விமானங்களில் ஏறி இறங்கி அது பொடியாகிவிட்டது. யாழினி அதைக் கிண்ணத்தில் கொட்டிக் கரண்டியால் தின்றாள். அப்போது அவள் தோழியிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவள் பேசி முடிக்கும் வரை அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“யாசு, யாசுன்னு கூப்பிடுதாளே, அது யாருளா?”

“இவதாண்ணே. யாழினின்னு சொல்ல வரல அவங்களுக்கு.”

“இவ சொல்லிக் குடுக்கலாம்லா?”

சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் என் கவலையும். யாழினிக்கு இந்த ஊருக்கு வந்தபோது மூன்று வயது. இப்போது பதினேழு. நீ எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இந்த ஊர் பெயரைத்தான் சொல்வாள். தோழி வீட்டில் திமிங்கிலக் கொழுப்பைத் தின்றுவிட்டு வந்து நன்றாக இருந்தது என்பாள். சனிக்கிழமை இணையத்தில் தமிழ் வகுப்பு ஏற்பாடு செய்திருந்தேன். அதை விட்டுவிட்டு, பனியில் மாட்டிக்கொள்பவர்களை மீட்கும் தன்னார்வலர் குழுவில் பயிற்சிக்குப் போனாள். அதற்காக எங்களுக்குள் பெரிய சண்டை. ஒரு மாதம் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள்.

4

அண்ணனை வண்டியில் வைத்துக் கடலோரம் வரை கூட்டிப்போனேன். வழியில் நிலம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிளந்து கிடக்கும். குளிரில் மண் வெடித்து, வெடிப்பில் தண்ணீர் இறங்கி உறைந்து, வருடா வருடம் அகன்று உண்டான கட்டங்கள். அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

“இது பாத்தியில்லா? யாரு வரப்பு போட்டா?”

“யாரும் போடலண்ணே. தானா ஆனது.”

அவன் நம்பவில்லை. இறங்கி ஒரு வரப்பின் மேல் நின்று, நம் அளத்தில் நிற்பது போலவே இடுப்பில் கைவைத்துச் சுற்றும் பார்த்தான்.

கொஞ்ச தூரத்தில் பிங்கோக்கள். சமதரையில் திடீரென்று கூம்பாக எழும்பி நிற்கும் குன்றுகளை இங்கே அப்படிச் சொல்வார்கள். வற்றிய ஏரியின் அடிமண் உறையும்போது உள்ளே மாட்டிய தண்ணீர் மேலே முட்டி, தானும் உறைந்து, மண்ணைத் தூக்கிவிடும். குன்றுக்குள் பாறை கிடையாது. எல்லாம் பனிக்கட்டி.

“உள்ள ஐஸா? அப்ப அது உருகிட்டா?”

“நடுவுல குழி விழுந்து, குளமாயிரும்.”

கடல் இன்னும் உறைந்து கிடந்தது; கோடை அலைகள் கரை மண்ணைத் தின்றிருந்த இடத்தைக் காட்டினேன். ஓரத்தில் இருந்த வீடுகளை உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். அண்ணன் கரை விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தான்.

“கொற்கையில கடல் வெலகிப் போச்சு. இங்கன கடல் உள்ள வருது. ரெண்டுக்கும் நடுவுல மனுசன் எங்கன போய் வீடு கட்டுவான்?” என்றான்.

இப்படி எல்லாவற்றையும் பேசினோம். உப்பு விலை, அண்ணி முழங்கால் வலி, துறைமுகச் சாலையில் லாரி நெரிசல். அம்மாவைப் பற்றி மட்டும் பேசவில்லை. வரவேற்பறையில் அம்மாவின் படம் இருக்கிறது. அண்ணன் அதற்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்காருவான். அதை நான் கவனித்தேன். குற்ற உணர்ச்சிதான் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

5

சனிக்கிழமை ஏரிக்குப் போனோம். நான், அண்ணன், யாழினி, எங்கள் ஆய்வுக் குழுவில் பனியில் வழுக்கி ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை ஓட்டும் டானி. டானி இந்த மண்ணின் பழங்குடி. என் வயதுதான். ஏரியில் ஏறுமுன் வண்டியை நிறுத்தி, கொடி நட்ட தடத்தை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அண்ணன் தலையாட்டினான்.

ஏப்ரலில் கூட ஏரிப் பனி லாரி போகும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். ஆனால் வாயு வரும் இடம் அப்படியல்ல. குமிழிகள் அடியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருப்பதால் அங்கே பனி தடிக்காது. அதன் மேல் கொஞ்சம் பனித்தூள் விழுந்து மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த இடங்களை எல்லாம் விலக்கித்தான் கொடித் தடம் போட்டிருந்தோம். ஆனாலும் வருடா வருடம் புது இடம் திறக்கிறது.

நானும் டானியும் புனலை இழுத்துக்கொண்டிருந்தோம். யாழினி குப்பிகளைப் பிடித்திருந்தாள். அண்ணன் தடத்தை விட்டுச் சற்றே விலகி நின்று எதையோ குனிந்து பார்த்தான். ஈரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அளத்தில் உப்பு இறுகிவிட்டதா என்று பார்க்க அண்ணன் குதிகாலால் ஒரு தட்டு தட்டுவான். முப்பது வருடப் பழக்கம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலைத் தூக்கினான்.

“அண்ணே!” என்று கத்தினேன். தட்டிவிட்டான்.

சத்தமே இல்லை. ஆள் கழுத்து வரை உள்ளே போய்விட்டான். குரங்குக் குல்லாவும் இரண்டு கைகளும் மட்டும் வெளியே. அவனைச் சுற்றிக் குமிழிகள் கொதிக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தன. நான் ஓடினேன். டானி என் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். என் பாரமும் சேர்ந்தால் பனி மொத்தமும் உடையும். எனக்கு அது தெரியும். பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் கையைக் கடிக்கப் போனேன்.

அதற்குள் யாழினி வண்டியிலிருந்து கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையை டானியிடம் எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டாள். படுத்தபடியே பனியில் நகர்ந்து போகிறாள். உடையும் பனியை நோக்கி என் மகள் போகிறாள், நான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் அப்படித்தான், மூச்சு நம் பேச்சைக் கேட்காது. அவன் கைகளைப் படபடவென்று அடித்தான். அடிக்க அடிக்க விளிம்பு உடைந்தது. யாழினி தமிழில்தான் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. ஆடாமல் இருங்கள் என்று சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. சின்ன வயதில் அவளை நான் அதட்டிய வார்த்தைதான் வந்தது.

“மாமா, ஆட்டம் போடாதீங்க!”

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான்.

“மூச்சு மட்டும். மூச்சு விடுங்க. ம்ம்… இன்னொண்ணு. இப்ப கை பனி மேல. கால் உதைங்க. மீன் மாதிரி, மாமா. மீன் மாதிரி!”

அவன் உதைத்தான். உடம்பு மெல்ல மேலே மிதந்தது. யாழினி அவன் ஸ்வெட்டர் தோளைப் பற்றிக்கொண்டாள். டானி இழுத்தார், நானும் இழுத்தேன். அண்ணன் வயிற்றால் வழுக்கிக்கொண்டு மேலே வந்தான். எழுந்திருக்கப் போனவனை அவள் விடவில்லை. “உருளுங்க, உருளுங்க” என்று சொல்லி உருட்டியே தடத்துக்குக் கொண்டுவந்தாள்.

தமிழ் வகுப்பை விட்டுவிட்டு அவள் மீட்புப் பயிற்சிக்குப் போன அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு ஞாபகம் வந்தது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான்.

6

மருத்துவ நிலையத்தில் உலர்ந்த உடை மாற்றி, வெந்நீர்ப் பைகளை அணைத்து வைத்து, உடம்புச் சூடு சரியான பிறகு அனுப்பிவிட்டார்கள். கை கால் கொஞ்ச நேரம் சில்லென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார் செவிலி.

சாயங்காலம். இந்த மாதத்தில் இங்கே வெயில் லேசில் இறங்காது. அண்ணன் சோபாவில் மூன்று போர்வைக்குள் படுத்திருந்தான். யாழினி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“தண்ணிக்குள்ள உயிர் போயிட்டுருக்கு, இவ ஆட்டம் போடாதங்கா” என்றான் அண்ணன்.

யாழினிக்குத் தான் சொன்னது தவறு என்று அப்போதுதான் தெரிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு அழுகையாகி, எழுந்து குளியலறைக்குள் போய்விட்டாள். ஷவர் சத்தம் நெடுநேரம் கேட்டது.

“நல்ல புள்ளளா” என்றான் அண்ணன். “ஒன்னைய மாதிரி இல்ல. தைரியசாலி.”

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. அம்மாவின் படம் இப்போது அவனுக்கு நேர் எதிரே இருந்தது.

“விழுந்ததும் அம்மா நெனப்புதான் வந்துச்சு” என்றான்.

நான் போர்வையை இழுத்து அவன் தோளை மூடினேன்.

“நீ வாரதுக்குள்ள எடுத்துட்டேன்னு ஒனக்கு மனசு ஆறலன்னு தெரியும். ஐஸ் பெட்டி கொண்டாந்தாச்சு. தங்கச்சி வரட்டும், அது வரைக்கும் யாரும் பேசக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். பெரியவங்க கேட்டதுக்கு சண்டை போட்டேன். அம்மாவ உள்ள வெச்சு மூடுனாவ. ஒனக்குத் தெரியும்லா, அவளுக்குக் குளிரு ஆகாது. மார்கழில ஃபேன் போட விட மாட்டா. பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்தா காதுல துணியக் கட்டிக்கிடுவா. அவளப் போயி அதுக்குள்ள…”

படத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தான்.

“கண்ணாடியில பனி படிஞ்சிட்டே இருந்துச்சு. மூஞ்சி தெரியல. நான் வெளிய தொடைக்கேன், போவ மாட்டேங்குது. அது உள்பக்கம்லா. விடிஞ்சதும் தொறக்கச் சொல்லிக் காலத் தொட்டுப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல என்னால முடியலளா செல்வி. எடுத்துருங்கன்னுட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ணே.”

“என்னன்னு சொல்ல? நீ எங்கனயோ ஏர்போர்ட்ல ஒத்தையில உக்காந்திருக்க. அம்மாவுக்குக் குளிருது, அதனால எடுத்துட்டேன்னா? செத்தவளுக்கு ஏதுடா குளிருன்னு எல்லாரும் கேட்டாவ. நீயும் கேட்டிருப்ப. படிச்சவ.”

கேட்டிருப்பேன். அந்த நாளில் கட்டாயம் கேட்டிருப்பேன்.

காத்திருந்திருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். அந்த ஆசை இப்போதும் போகவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடியைத் தவறான பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டே நின்ற அண்ணனை இத்தனை வருடம் நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. என் மனதில் இருந்தது அவசரப்பட்ட ஒருவன். அப்படி ஒருவன் அங்கே இருக்கவே இல்லை.

அண்ணன் கொஞ்ச நேரத்தில் கண் அயர்ந்துவிட்டான். போர்வை குட்டையாக இருந்ததால் கால்கள் வெளியே தெரிந்தன. உப்பில் வெடித்த குதிகால்கள், இன்னும் வெளுத்துப்போய் இருந்தன. தொட்டேன். சில்லென்று இருந்தது.

சோபா ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் என் மடியில் எடுத்து வைத்து, கைகளால் பொத்திக்கொண்டேன். யாழினி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூடு ஏற நெடுநேரம் ஆனது. நான் கையை எடுக்கவில்லை.